கதவுக்குப் பின்னால் நின்றவர்

ஆறு வயதில் நடித்த ஒரே அழுகைக் காட்சியில் ஊரையே அழ வைத்தவள் அவள். அடுத்தடுத்துப் பதினெட்டுப் படங்கள் நடித்தாள். வளர்ந்ததும் வாய்ப்புகள் நின்றுபோயின. முப்பது வயதில் ஒரு பேட்டியில், "அம்மா செத்துட்டாங்கன்னு பொய் சொல்லித்தான் அந்தக் காட்சியில இயக்குநர் என்னை அழ வச்சாரு" என்று போட்டு உடைத்தாள். வழக்குப் போடுவேன் என்று இயக்குநர் மிரட்டினார். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அம்மாதான்.

தொலைக்காட்சி நேரலையில் நெறியாளர் கேட்டார்: "உண்மையாம்மா?"

அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உண்மைதான். ஆனா அவர் மேல மட்டும் பழி போடாதீங்க. அந்த யோசனையைச் சொன்னதே நான்தான். இவ அழுதப்ப கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்."

இயக்குநர் வழக்குப் போடவில்லை. மகள் ஒரு வருடம் அம்மாவோடு பேசவில்லை.