பழைய ஹைப்போபுரோமைட்

என் கை தப்பாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பதுகளின் கடைசி. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடம் முழுக்க என் ராஜ்யம். கூடம் என்பது பெரிய பேச்சு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை, ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, நான். கெமிஸ்ட்ரி படித்த பெண் என்பதால், நான் சீட்டில் எழுதிக் கொடுத்த எண்ணை டாக்டர் மறுபடி கேட்டதே கிடையாது. எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

சிறுநீரில் எவ்வளவு யூரியா இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் இருந்தது சோடியம் ஹைப்போபுரோமைட். காஸ்டிக் சோடாக் கரைசலில் புரோமினைக் கலந்தால் மஞ்சளாக வரும். அதை வளைந்த கண்ணாடிக் குழாயில் நிரப்பி ஒரு சி.சி. சிறுநீரை உள்ளே விட்டால், யூரியா உடைந்து நைட்ரஜன் குமிழ் குமிழாக மேலே ஏறும். சேர்ந்த வாயு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. புராஸ்டேட் ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்கு யூரியா கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பிறகு இந்தச் சோதனையைச் செய்வோம். இரண்டு சதவீதத்துக்கு மேல் வந்தால் சிறுநீரகம் தாங்கும், கத்தி வைக்கலாம். குறைந்தால் டாக்டர் தொடமாட்டார்.

கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும் என்பது விதி. ஆனால் புரோமின் பாட்டிலைத் திறந்தாலே செம்பழுப்பாகப் புகை கிளம்பும். பக்கத்து வார்டே இருமும். நர்ஸ் வாசலில் வந்து நின்று, "தெனமும் இந்தப் பேஜாரு எதுக்கும்மா? ஒரே வாட்டியா கலக்கி வெச்சிக்கக் கூடாதா?" என்பார். நானும் திங்கட்கிழமை கலக்கி வாரம் முழுக்க ஓட்ட ஆரம்பித்தேன். மஞ்சள் மஞ்சளாகத்தானே இருக்கிறது, என்ன கெட்டுப்போகும்? விதியெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு என்று நினைப்பு.

அந்தக் கத்திரி வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை, திண்டிவனத்துக்கு அப்பாலிருந்து வந்த விவசாயி ஒருவருக்குச் சோதனை. அறுபது வயதிருக்கும். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்து, ரப்பர் குழாய் போட்டுப் படுத்திருந்தார். ஒன்று புள்ளி மூன்று என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: ஆபரேஷன் தாங்காது, குழாயோடு இருக்கிறவரை இருக்கலாம். அவர் தலையாட்டிவிட்டு அன்றே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் எங்கள் கம்பவுண்டருக்கு இடுப்பு வலி. இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்கிற மனிதர். அவருக்கும் இதே சோதனையைச் செய்தேன். ஒன்று புள்ளி மூன்று. "நானும் போய்ச் சேர்ந்துடுவேனாம்மா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூரியாவைத் தராசில் நிறுத்து, சரியாக இரண்டு சதவீதம் கரைத்துக் குழாயில் விட்டேன். அதுவும் அதே கோட்டில் வந்து நின்றது. கரைசலுக்கு அவ்வளவுதான் பலம், யாரைக் கொண்டுவந்தாலும் அங்கேதான் நிற்கும் என்று அப்போது புரிந்தது.

ஹைப்போபுரோமைட்டில் ஒரு புரோமினுக்கு ஓர் ஆக்சிஜன். வெப்பத்தில் கிடந்தால் அது தன்னைத்தானே தின்னும். ஒரு பங்கு ஆக்சிஜனைப் பறிகொடுக்க, இன்னொரு பங்கு அதை வாங்கிக்கொண்டு இரண்டு ஆக்சிஜன் உள்ள புரோமைட் ஆகும். பிறகு மூன்று ஆக்சிஜன் உள்ள புரோமேட். அந்தக் காரக் கரைசலில் இந்த இரண்டும் யூரியாவை அசைக்காது. புரோமைட்டும் மஞ்சள் என்பதால் பாட்டிலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கல்லூரிப் புத்தகத்தில் புரோமைட்டுக்கு ஒரே ஒரு வரி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போனவள் நான்.

புதிதாகக் கலக்கினேன். இரண்டு சதவீதக் கரைசல் இரண்டில் நின்றது. விவசாயியின் சிறுநீர் ரேக்கில் மிச்சம் இருந்தது. நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் இரண்டு புள்ளி மூன்று. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "லெட்டர் போட்டா நாலு நாள் ஆகும். நீயே போ," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பஸ் மாறி, அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலெல்லாம் மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலை, குவிந்திருந்தது. காய் பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்தா வர்றீங்க? எல்லாம் நல்லா கீதாம், பத்து நாள்ல குழாய எடுத்துடுவாங்களாமே," என்றார் சந்தோஷமாக.

விவசாயி நிழலில் உட்கார்ந்திருந்தார். பேசாதே என்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்கு வேறு வழியில்லை. முதலில் டாக்டர் சொன்னதையும், அதற்கு என் தப்புதான் காரணம் என்பதையும், இப்போது ஆபரேஷன் செய்யலாம் என்பதையும் அந்த அம்மாளிடமே சொன்னேன்.

அவர் தன் புருஷன் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட பொய் சொல்லிக்கினு சாவறதுக்கா வந்தே?"

"மல்லாட்டை வேலை நடந்துக்கினு இருக்குதே. அது முடியற வரிக்கும் நீ நிம்மதியா இருப்பேன்னு பார்த்தேன்," என்றார் அவர்.

அந்த அம்மாள் உள்ளே போய் அவர் சட்டையை எடுத்துவந்தார். மூவரும் அன்றே விழுப்புரம் திரும்பினோம். அந்த வாரமே ஆபரேஷன் நடந்து, அவர் நல்லபடியாக வீடு திரும்பினார். நானும் அதன்பின் தினமும் புரோமின் பாட்டிலைத் திறந்தேன். வார்டு இருமினால் இருமட்டும் என்று விட்டேன்.

ஆனால் திரும்பி வந்த பஸ்ஸில், மயிலம் தாண்டும்போது அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்: "அவரு எங்கிட்ட சொன்னது பொய்யி. நீ மொதல்ல எழுதிக் குடுத்தது இன்னாம்மா?"

"அது தப்பு. பொய் இல்லீங்க," என்றேன் உறுதியாக.

அவர் கோபமே இல்லாமல் சொன்னார்.

"அவரு செத்திருந்தா எனக்கு ரெண்டும் ஒன்னுதானேம்மா."