ஆறாம் எண் குரங்கும் என் ரத்தப் பரிசோதனையும்

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குரங்கு பார்க்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன் சுங்காய்ப் பக்கத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், வேலை போனது. ஈப்போவில் அக்கா வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டேன்.

கூண்டு கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும், எந்தக் குரங்கு எவ்வளவு தின்றது என்று நோட்டில் எழுத வேண்டும். பின்னறையில் இருந்த எட்டுக் குரங்குகளிடம் போக மட்டும் கையுறை, முகமூடி, பூட்ஸ்.

"எய்ட்ஸ் மாதிரி ஒரு நோய்மா. குரங்குக்கு வர்ற கிருமி. அதுல ஒரு துண்ட வெட்டி, வேற துண்ட ஒட்டி இதுங்களுக்கு ஊசி போட்டிருக்கோம். எந்தத் துண்டு நோயக் கொண்டாருதுன்னு பாக்கணும்," என்று ஆய்வை நடத்திய டாக்டரம்மா ஒருநாள் சொன்னார். தைப்பிங் ஊர்க்காரர், பொறுமையாகப் பேசுவார். ஆனால் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் மேற்பார்வையாளர் வைத்ததே சட்டம். தோட்டத்துப் பழக்கத்தில் அவரை மண்டோர் என்போம்.

ஆறாம் எண் ஒரு பெண் குரங்கு. வாழைப்பழத்தை உரித்து, நாரையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தின்னும். அது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதை முதலில் கண்டவள் நான்தான்.

"அண்ணே, ஆறு சரியில்ல. முதுகெலும்பு தெரியுது."

"வெயிலுதான்லா. எழுதி வையி, போதும்."

மூன்று வாரம் எழுதினேன். யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை தண்ணீர்ப் புட்டியை மாற்றும்போது ஆறாம் எண் கம்பிக்கிடையில் கையை நீட்டி என்னைப் பற்றியது. கடிக்க வரவில்லை. ஆனால் நகம் கையுறையைக் கிழித்து மணிக்கட்டில் கீறிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கிளினிக்கில் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். "ரிசல்ட் வரும். வெளிய சொல்லாத, சூசா, வம்பாயிடும்," என்றார் மண்டோர்.

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் என் தட்டும் குவளையும் தனியாகக் கழுவுத்தொட்டி ஓரத்தில் இருந்தன. அக்கா வீட்டு மாமா தன் குழந்தையை என்னிடம் தரவில்லை. செய்தி தெருவுக்கும் போனது. வழக்கமாகச் சாப்பிடும், மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நான் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எதிரே வைத்தார் கடைக்காரர்.

"நான் இங்கதானே குடிக்கப் போறேன், அண்ணே?"

"கொண்டு போயிடும்மா. மத்தவங்களும் வராங்கல்ல."

தினமும் மண்டோரிடம் கேட்டேன். "வரும்லா, வரும்லா" என்பார். ஒரு மாதம் போயிற்று. உடம்பு கொஞ்சம் சுட்டாலும் கண்ணாடி முன் நின்று கழுத்து எலும்பைத் தடவிப் பார்ப்பேன்.

டாக்டரம்மா வந்த அன்று வழியை மறித்து ரிசல்ட் என்னாயிற்று என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"அது வந்து ரெண்டு வாரம் ஆச்சேம்மா. உனக்கு ஒண்ணுமில்ல. சொல்லலியா?"

மண்டோர் மேசை இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "நல்ல ரிசல்ட்டுதானே, என்னா அவசரம்னு வச்சிருந்தேன்."

"அந்த ரெண்டு வாரமும் எங்க வீட்டுல நான் எப்படி இருந்தேன்னு தெரியுமாண்ணே?" என்று கத்தினேன். மண்டோர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த வாரமே ஆறாம் எண்ணுக்கு ஊசி போட்டு உயிரை முடித்தார்கள். "உன் நோட்டாலதான் நோய் எப்ப ஆரம்பிச்சதுன்னு பிடிச்சோம்," என்று டாக்டரம்மா பாராட்டினார். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. நான் எழுதிய அன்றே பார்த்திருந்தால் அந்தப் பிராணி இத்தனை நாள் வதைபட்டிருக்காது. என் கையும் கிழிந்திருக்காது. நோட்டைக் கேட்டேன். ஆய்வுக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுபோன ஆங்கில ரிசல்ட் காகிதத்தை அக்கா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கும் இன்னொரு தடவ டெஸ்ட் எடுத்துரு," என்றாள்.

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பையோடு பஸ் ஏறினேன். மனுப் பாரத்தில் தோட்டத்து வேலையை மட்டும் எழுதி, அதற்குப் பிறகான இரண்டு வருடத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

"ரெண்டு வருசமா சும்மாவா இருந்த?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஆமாக்கா. சும்மாதான் இருந்தேன்," என்றேன்.