கமராவுக்கு முன்னால் செத்த கீபோர்ட்

கொழும்பிலிருந்து பேசிய மேடம், "சரி, இப்ப டைப் பண்ணுங்க" என்று சொன்ன பிறகுதான் பார்த்தேன், கீபோர்ட் செத்துக் கிடந்தது. டச்பேடில் விரலைத் தேய்த்தேன். அம்பு அசையவில்லை. கமரா மட்டும் நன்றாக வேலை செய்து, என் திருதிரு முழியை அப்படியே அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

காணொளிகளுக்குக் கீழே தமிழில் வசனம் எழுதும் வேலை. கிண்ணியாவில் வீட்டிலிருந்தே செய்யலாம். பிள்ளைகள் பிறந்து ஒன்பது வருடம் குசினி அடுப்போடு இருந்தவளுக்கு, வேலைப் பரீட்சைக்கு வந்த முதல் வீடியோ அழைப்பு அது. "கீபோர்ட் வேலை செய்யுதில்ல மேடம்" என்றேன். அவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு ஒருக்கா பாப்பம். அதுக்குப் பிறகு ஏலாது" என்றார். அவர் அதை நம்பினாரா, சாட்டு என்று நினைத்தாரா என்பது தெரியாமல் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பகல் சமையல் முடித்துவிட்டு வந்து பார்த்தால், சனியன் ஒன்றுமே நடக்காததுபோல் டைப் ஆனது.

அது கணவர் பழையதாக வாங்கித் தந்த லப்டப். திரையைப் பின்பக்கமாக முழுதாக மடித்தால் சிலேட்டு மாதிரிக் கையில் பிடிக்கலாம். நான் ஒருநாளும் மடித்ததில்லை. விற்றவர் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார். எனக்கும் அது பழகிவிட்டது. "உப்புக் காத்து புள்ள. ஃபிரிட்ஜே துருப்பிடிக்குது, இது எம்மாத்திரம்" என்றார் கணவர். எங்கள் ஊரில் எது பழுதானாலும் உப்புக் காற்றுத்தான் முதல் குற்றவாளி. நானும் அதை நம்பி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு எழுத்துக் கட்டையாகத் துடைத்தேன். இணையத்தில் யார் யாரோ எழுதியிருந்ததைப் படித்து அப்டேட் செய்தேன், கீபோர்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், திரும்பப் பழையதைப் போட்டேன். எதைச் செய்தாலும் வேலை செய்தது. செய்யாவிட்டாலும் வேலை செய்தது. பிறகு திருத்தியாயிற்றா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பயம்தான் நாளுக்கு நாள் கூடியது.

சனிக்கிழமை பஸ் ஏறி, பாலம் கடந்து, திருகோணமலை நகரத்தில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். வருத்தக்காரன் டாக்டரைக் கண்டதும் எழும்பி நடப்பதுபோல் அங்கே அது துள்ளி விளையாடியது. "இதில ஒரு பிழையும் இல்லையே தங்கச்சி" என்றார் கடைக்காரர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, பழைய மவுஸ் ஒன்றை இரவல் தந்தார். கீபோர்டும் ஒன்று தந்தார். அதன் வட்டச் செருகி என் லப்டப்பில் எங்கேயும் நுழையவில்லை.

செவ்வாய் காலை ஒன்பதுக்கே உடுத்து, முக்காட்டைச் சரிசெய்து பின் மாட்டி, மேசையில் உட்கார்ந்தேன். ஒன்பதே காலுக்கு ஒரு எழுத்தை அமத்திப் பார்த்தேன். வரவில்லை. மற்ற எழுத்துகளும் அப்படியே. கணவர் வேலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அவர் மேல் பாய்ந்திருப்பேன்.

இரவல் மவுஸ் மட்டும் ஓடியது. திரையில் ஒரு கீபோர்டை வரவழைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, லப்டப்பின் உறுப்புகள் என்ன செய்தி அனுப்புகின்றன என்று காட்டும், இணையத்தில் படித்திருந்த ஒரு கட்டளையை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. லப்டப் 'டேப்லெட்' நிலையில் இருக்கிறதாம். அதாவது, திரையை நான் பின்னால் மடித்துவிட்டேன் என்று அது நம்பி, கீபோர்டையும் டச்பேடையும் தானாகவே அணைத்திருக்கிறது. நானோ நேராகத் திறந்து வைத்து அதன் முன்னால் வியர்த்துக்கொண்டிருக்கிறேன். மடிப்பை அது எப்படி அறிகிறது என்று தேடினேன். மடித்த திரையிலுள்ள காந்தம் ஓரத்துக்குக் கிட்ட வருவதை வைத்து என்று போட்டிருந்தது.

காந்தமா? பார்வை லப்டப்பின் இடது ஓரத்துக்குப் போனது.

துணியில் ஓட்டை விழக்கூடாதென்று நாங்கள் இப்போது முக்காட்டுக்கு ஊசி குத்துவதில்லை, காந்தப் பின்தான். வீட்டில் அவை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். கமராவுக்கு முன்னால் முக்காடு சரிந்தால் உடனே எடுக்கலாம் என்று, மேலதிகமாக ஒன்றை இரண்டு செவ்வாயும் லப்டப்பின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். முதல் செவ்வாய் அழைப்பு முடிந்ததும் அதை எடுத்துத் திரும்ப ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்; மற்ற நாட்களில் எனக்கு அங்கே பின் எதற்கு? அதைப் பிடுங்கினேன். எழுத்துகள் வந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போதே என் மடத்தனத்தை நினைத்து எனக்கே கோபம் கோபமாக வந்தது.

பரீட்சை நல்லபடி போனது. கடைசி வசனம் வரை எழுதினேன். முடிவில் மேடம் சிரித்துக்கொண்டு, "அண்டைக்கு என்னதான் நடந்தது?" என்று கேட்டார். பின்னைக் கையில் பிடித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"நான் உங்களை நம்பயில்லை" என்றார். "டைப் பண்ணத் தெரியாமல் பொய் சொல்றா எண்டு உங்கட ஃபைலில எழுதி வைச்சனான். இண்டைக்கும் சும்மா ஒரு கடமைக்குத்தான் வந்தனான்."

ஒரு வாரமாக நான் பயந்தது இதற்குத்தான். அது முதல் நாளே நடந்து முடிந்திருந்தது. பின்னை மேசையில் வைத்தேன்.

"அதை அழிச்சிடுவீங்களா மேடம்?" என்று கேட்டேன். வேலை கிடைக்குமா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.