அம்மா வேண்டாமென்ற கைப்பேசி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாமி கும்பிடுவதற்குக்கூட இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் பூசாரி அலங்காரத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுத்தான் மணியையே தொடுவார். இப்படிப்பட்ட இடத்தில் ஸ்மார்ட்போன் இல்லாமல் காலம் தள்ளுகிற ஒரே ஆள் என் அம்மா. ஏன் என்று கேட்டால், "கண்ணு தெரியலலா" என்று சொல்லித் தப்பித்துவிடுவார். கண்ணெல்லாம் நன்றாகவே தெரியும். தேயிலைச் செடிக்கடியில் கிடக்கும் அட்டைப் பூச்சியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடுகிற கண் அது.

ஒரு காலத்தில் அம்மாவைப் போல் கைப்பேசிப் பைத்தியம் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே கிடையாது. எங்கள் பக்கம் லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு பக்கமும் மலை மறித்துக்கொண்டு நிற்கும். என்ன அதிசயமோ, எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் மட்டும் முழுசாக வரும். அம்மாவின் கைப்பேசி அங்கேயே குடியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தையும் தன்னுடையதைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சாத்தி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேரும் அந்தச் சன்னலோரம்தான். அத்தை என்றால் இரத்த உறவில்லை, தோட்டத்து உறவு. அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை அண்ணி என்பார். அவர் வீட்டுக்காரர் எனக்கு மாமா.

அப்பாவிடம் ஒரு ஜாக்கெட் இருந்தது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில், பழைய துணி விற்கும் பண்டல் கடையில் அம்மா குவியலைக் கிளறிக் கண்டுபிடித்தது. கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம், முதுகில் பனியில் சறுக்கும் ஓர் ஆளின் படம். அதைப் போட்டுக்கொண்டு அப்பா மோட்டார் சைக்கிளில் போனால், எதிர்மலையில் கொழுந்து வெட்டுகிறவர்களுக்கும் யார் போகிறார் என்று தெரிந்துவிடும். "தொலைஞ்சி போனாகூட ஈசியா கண்டுபுடிச்சிரலாம்" என்று அம்மா கேலி செய்வார். அந்தக் கேலி பலித்தது என்று சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குப் பல்வலி, கன்னம் பன் போல வீங்கியிருந்தது. கிளினிக்குக்குப் போகச் சொன்னார் அம்மா. அப்பாவோ கோலா தெர்லாவில் கூட்டாளியின் தோட்டத்தில் விலைபோகாத தக்காளி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதை எடுத்து வந்துவிட்டுத்தான் பல் என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமா அவருக்கு முன்னாலேயே, தானா ராத்தா டவுனில் சாமான் வாங்கவேண்டும் என்று பஸ் பிடிக்க நடந்து போயிருந்தார்.

அடுப்பில் கோழிக்குழம்பு. அம்மாவின் கையெல்லாம் மசாலா. அப்போது அம்மாவின் கைப்பேசி விடாமல் கத்தத் தொடங்கியது. "யாருன்னு பாரும்மா" என்றார் அம்மா. சன்னலோரம் நின்ற அத்தை எடுத்துப் பார்த்தார்.

தோட்டத்துக் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். அத்தை இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார். பிறகு கைப்பேசியை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல அண்ணி, ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்ன விதத்திலேயே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மசாலாக் கையோடு பிடுங்கிப் பார்த்தார். ரோட்டோரத்தில் காய்கறி லோரி. அதன் முன்சக்கரத்தின் பக்கத்தில் எங்கள் மோட்டார். கொஞ்சம் தள்ளி, குப்புறக் கிடக்கும் ஆரஞ்சு ஜாக்கெட். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தச் சறுக்கும் ஆள் அப்போதும் சறுக்கிக்கொண்டிருந்தான்.

அம்மா அப்பாவின் நம்பரை அழுத்தினார். மணி போயிற்று. யாரோ எடுத்தார்கள். அப்பா குரல் இல்லை. "ஓராங் இனி சுடா தாக் அடா, கக்" என்று அந்த ஆள் மலாயில் மெதுவாகச் சொன்னார். இந்த ஆள் இல்லாமல் போய்விட்டார், அக்கா. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சத்தமே வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. எங்கள் அடுப்பை அணைத்தது அத்தைதான். பாதி வெந்த குழம்பை மூடி வைத்தார். என் பசி அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும், தன் வீட்டுக்கு ஓடிப்போய் எனக்காகச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்தார். வந்தவர் அம்மாவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் மாமாவுக்கு அடித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. "இந்த நேரத்துல பாத்து போன அடைச்சி வச்சிருக்காரே, இந்த மனுசன! கூடப்பொறந்தவரு மாதிரி இருந்தவரு செத்துக் கெடக்காரு, இவரு டவுன்ல சுத்திக்கிட்டிருக்காரு!" என்று திட்டினார்.

லயமே வாசலில் கூடிவிட்டது. கங்காணியும் இன்னும் சிலரும் வேனில் கோலா தெர்லாவுக்குக் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாக் கூட்டத்தில் வேன் நகரவேயில்லை என்று தகவல் வந்தது. கோயிலிலிருந்து நாற்காலிகள் வந்தன. சன்னலில் இருந்த கைப்பேசியோ அதற்குள் கருமாதி வரைக்கும் போய்விட்டது. கைகூப்பும் படங்கள், கண்ணீர் விடும் ரோஜா, அணையாத விளக்கு. திருவிழாவில் காவடி தூக்கியபோது எடுத்த படத்திலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி, மாலை போட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு வேகம்! உயிரோடிருக்கிற மனிதனுக்கு உதவி என்றால் இந்த வேகத்தில் பாதியைக்கூட நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அப்பா வந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, மாமாவின் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்து, எனக்கோ அம்மாவுக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி ஓடிவந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அம்மா ஒரு சத்தம் போட்டார். அதுவரை வராத சத்தமெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. ஓடிப்போய் அப்பாவைச் சட்டையைப் பிடித்து உலுக்கினார், அடித்தார், கட்டிக்கொண்டு சிரித்தார், "எம் புருசன் சாகலடி! எம் புருசன் சாகல!" என்று அத்தையின் இரண்டு தோளையும் பிடித்துக் குதித்தார். அத்தையும் கூடவே குதித்தார். கண்ணீர் வழிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அண்ணே, ஒங்களுக்கு ஆயுசு நூறுண்ணே!" என்றார்.

யாரோ கைப்பேசியை அப்பாவிடம் காட்டினார்கள். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"ஏண்ணே," என்றார் அத்தை, சிரிப்பு இன்னும் அடங்காமல், "ஜாக்கெட்ட யாருக்குண்ணே குடுத்தீங்க?"

அப்பா வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். இரத்தம் கலந்து வந்தது. கையிலிருந்த குடையை மட்டும் நீட்டினார். அத்தை அதை அடையாளம் கண்டுகொண்டார்.

முனையில் பஸ்ஸுக்கு நின்ற மாமாதான், வீங்கிய கன்னத்தோடு குளிர்காற்றில் போகாதே, நீ பஸ்ஸில் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள், தக்காளியை நான் எடுத்து வருகிறேன் என்று மோட்டாரை வாங்கியிருக்கிறார். அவருக்குக் குளிருமே என்று அப்பா ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அப்பாவின் கைப்பேசி அதன் பைக்குள்ளேயே போய்விட்டது. இதெல்லாம் பிறகு அப்பா திக்கித் திக்கிச் சொன்னது. அத்தை எதையும் கேட்கவில்லை. கீழே விழுந்திருந்தார்.

அம்மா பக்கத்து வீட்டுக்குள் போனார். எனக்காக அத்தை வைத்த உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அம்மா அந்த அடுப்பை அணைத்தார். வாசலில் கிடந்த நாற்காலிகளை ஆட்கள் அடுத்த வாசலுக்குத் தள்ளிப் போட்டார்கள். சன்னலில் கைப்பேசி மறுபடி கத்தியது. 'மன்னிக்கவும், ஆள் மாறிவிட்டது' என்று அதே மாலை, அதே விளக்கு, உள்ளே மாமாவின் முகம். அம்மா அதை அணைத்து, அலமாரியில் துணிக்கடியில் செருகினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் அது அங்கேயே கிடந்தது. காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற கங்காணி வந்து சத்தம் போட்டார். "எந்த மலைக்கு வேலன்னு குரூப்லதாம்மா போடுறேன். ஒனக்கு மட்டும் வீடு வீடா வந்து சொல்லுவனா?" பள்ளியில் வீட்டுப்பாடமும் குழுவில்தான் வந்தது. தெரியாமல் போய் நான் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பொய்த் தகவல் அனுப்பியவர்கள்மேல் உள்ள கோபத்தைக் கைப்பேசிமேல் காட்டுகிறார் அம்மா என்று நினைத்தேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் அப்பா அதை எடுத்துச் சார்ஜ் போட்டுப் பழைய சன்னலிலேயே வைத்தார். "வேணுமா வேணாமா, நீயே சொல்லு. நான் வற்புறுத்தல" என்றார். அம்மா அதைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொள்ளத்தான் போகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அதற்குள் அடைந்து கிடந்த செய்திகளெல்லாம் கொட்டின. அவற்றில் ஒரு வீடியோ, கிள்ளானில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் சிரிக்கும் முகங்களோடு அனுப்பியிருந்தார். 'செத்தவர் பஸ்ஸில் வந்தார்' என்று தலைப்பு. அன்று வாசலில் நின்ற யாரோ பிடித்தது. நாடு முழுக்கச் சுற்றியிருந்தது. என் பள்ளியில்கூட எல்லாரும் பார்த்துவிட்டார்கள், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. "இங்க பாரும்மா, நாம இருக்கோம்!" என்று நானே அமுக்கிக் காட்டினேன்.

அப்பா ஓடி வருகிறார். அம்மா கத்துகிறார். பிறகு அம்மாவும் அத்தையும் தோளைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள். ஆயுசு நூறுண்ணே என்கிறார் அத்தை. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பிடித்தவருக்கு அதுவரைதான் வேடிக்கை.

அம்மா இன்னொரு முறை போடச் சொன்னார். அப்பாவையும் பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. முடிகிற இடத்தில் அத்தையின் முகம் அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருந்தார். சன்னலோரம் வருவதை எப்போதோ விட்டிருந்தார், சத்தமாகப் பேசுவதையும். அம்மா கைப்பேசியை அணைத்து அப்பாவின் கையில் வைத்தார்.

"புள்ள படிப்புக்கு நீங்க வச்சிக்குங்க. எனக்கு வேணாம்லா. வேலைய நான் காலையில பெரட்டுக்கு நேரா போயி கேட்டுக்கிறேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வீடியோவில் அழுகிற முகம் ஒன்றுகூட இல்லையே, எல்லாரையும்விட அத்தைதானே நன்றாகச் சிரிக்கிறார், இதைப் பார்த்தா அம்மா பயப்படுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.