உள்ளங்கைக் கணக்கு

டூட்டி முடிந்து வந்ததும் ஜெபகனி முதலில் தேய்த்துக் கழுவுவது இடது உள்ளங்கையைத்தான். வார்டில் காகிதம் தேடிக்கொண்டு நிற்க நர்ஸான அவளுக்குப் பொறுமை கிடையாது. பிரஷர், பல்ஸ், காய்ச்சல் எல்லாம் முதலில் கையில், அப்புறம்தான் சார்ட்டில். "கை தொலஞ்சு போவாதுல்லா," என்பாள். வளைகுடா ஊரான குதைபியாவில் அவர்கள் இருக்கும் ஃபிளாட்டின் வாஷ்பேசினில் யார் யாருடைய காய்ச்சலோ நீலமாகக் கரைந்து ஓடும்.

வாய்க்கும் குறைச்சல் இல்லை. "ஸ்கூல்ல கணக்குல நானாக்கும் ஃபர்ஸ்ட்," என்று மகள் சுபிஷாவிடம் அளந்துவிட்டிருந்தாள். உண்மையில் தட்டுத் தடுமாறித் தேறியவள். போன மாதம் சுபிஷா ஒரு சமன்பாட்டைக் கொண்டுவந்து நீட்டி, கிராஃப் போடச் சொன்னாள். ஜெபகனி புள்ளிகளைக் கண்டுபிடித்தாள். அதில் ஒன்று பிசகிவிட்டது. தினமும் காய்ச்சல் சார்ட் வரைகிற கை அல்லவா, யோசிக்காமல் புள்ளிக்குப் புள்ளி இழுத்துச் சேர்த்தது. நடுவில் ஒரு மேடு எழும்பியது. "பாத்தியா மக்ளே, முடிஞ்சு!"

சுபிஷா அதை அப்படியே வகுப்பில் காட்டினாள். திரும்பி வந்தவள் கோபப்படக்கூட இல்லை. "லீனியர்னா ஸ்ட்ரெயிட் லைன் மா. எவ்ரிபடி லாஃப்ட். இனிமே ஐ வில் டூ இட் மைசெல்ஃப்." அன்றிலிருந்து கணக்கென்றால் அறைக்கதவு சாத்திக்கொள்கிறது. ஜெபகனியை வெட்கம் பிடுங்கித் தின்கிறது. தப்பாகப் போட்டதைவிட, பீற்றிக்கொண்டதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. இன்னொரு தடவை 'அம்மா, இங்க பாரு' என்று பிள்ளை கூப்பிட மாட்டாளா என்று காத்துக் கிடக்கிறாள்.

இப்போது பிரேக்கில் டீ ஆறிப்போகிறது. போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாடம் பார்க்கிறாள். கூட வேலை செய்யும் ரஹீமா பீவி எட்டிப் பார்த்தால், "சீரியலாக்கும்," என்று போனைத் திருப்பிக்கொள்கிறாள். எக்ஸைப் பூஜ்யமாக்கினால் கோடு ஒய் அச்சை எங்கே வெட்டும், ஒய்யைப் பூஜ்யமாக்கினால் எக்ஸ் அச்சை எங்கே வெட்டும், சாய்வு ஏறுமா இறங்குமா, எல்லாம் உள்ளங்கையில் பிரஷருக்குப் பக்கத்தில் ஏறுகிறது.

நேற்று சுபிஷா கிராஃப் தாளைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். மறுநாள் வகுப்பில் காட்ட வேண்டியது. y = 2x + 4. ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட கோடு, ஆனால் கீழே இறங்கியது. ஜெபகனி பேனாவை எடுத்துக் கையில் போட்டுப் பார்த்தாள். ஒய் பூஜ்யமானால் எக்ஸ் மைனஸ் இரண்டு. பிள்ளை புள்ளியைப் பிளஸ் இரண்டில் வைத்திருக்கிறாள். சாய்வு இரண்டு, கோடு ஏற வேண்டும். இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

"அம்மா? வாட் ஆர் யூ டூயிங் வித் மை கிராஃப்?" ஈரத் தலையோடு சுபிஷா நின்றாள். பிள்ளை கேட்காமல் தானாகச் சொன்னால் அதுவும் பீற்றலாகத்தான் தெரியும் என்று ஜெபகனிக்குப் பட்டது.

"ஒண்ணுமில்ல மக்ளே, மேச தொடைக்கேன்."

விடை எழுதிய கையை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையால் ஜெபகனி சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.