மூன்றாம் தண்ணீர்

அறுபதுகளில், செஞ்சியில் பெரியம்மை பரவிய ஒரு கோடையில், நான் கோர்ட்டு அமீனாவாக இருந்தேன். உத்தரவோடு போய் வாடகைக்காரர்களைக் காலி செய்யவைப்பது என் வேலை.

கோட்டைக்குப் போகும் சாலையில் நான் காலி செய்யவைக்கப் போன ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே ஐந்து வயதுப் பெண்ணுக்கு அம்மை. துணையில்லாத அந்தத் தாய் கோர்ட்டில் வந்து அழுதாள். குழந்தைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை காலி செய்யக் கூடாது என்று முன்சீப் தடை கொடுத்தார். அம்மை இறங்கியபின் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா வீட்டைவிட்டுப் போனதாக அர்த்தம்.

வாரம் ஒருமுறை வாசலில் நின்று, "தண்ணி ஊத்தியாச்சாம்மா?" என்று கேட்பேன்.

"இன்னும் ஊத்தலீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வேப்பிலை மட்டும் வாடவே இல்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஏமாற்றுகிறாள் என்று எனக்கு ஆத்திரம். ஒருநாள் செருப்புக் காலோடு உள்ளே நுழைந்துவிட்டேன்.

சின்னப் பாய் ஒன்று சுருட்டி மூலையில் சாய்த்திருந்தது. அவள் மட்டும்தான் இருந்தாள்.

"கொழந்த எங்க?"

"மொத வாரமே பூடுச்சிங்க."

"அப்ப ஏம்மா பொய் சொன்னே?"

"இன்னா பொய் சொன்னேன்? தண்ணி ஊத்தியாச்சான்னு கேட்டீங்க. ஊத்தலைன்னு சொன்னேன். யாருக்குங்க ஊத்தறது?"

'வீட்டில் நோயாளி யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்தப் பாயை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

இப்போதெல்லாம் வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்தால் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?