ஷோகேஸில் வைத்த பெராக்சைடு

பிரான்சில், துலூஸ் நகரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலைத் திறந்தால் அதன் மேல் அன்றைய தேதியை எழுத வேண்டும். அதிலிருந்து இத்தனை நாள் என்ற கெடு கடந்ததும், பாதிக்கு மேல் மிச்சமிருந்தாலும், கழிவில் சேர்த்துவிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் பிரான்சிலிருந்து வந்த பொருளுக்குக் காலாவதி ஏது?

அந்தப் பெராக்சைடை பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரேயடியாகக் கொடுத்தால் செத்துப்போகும். முதலில் லேசாகக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒரு புரதம் அதை உணர்ந்து வடிவம் மாறும். சும்மா கிடந்த மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் நொதி பெருகும். சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்கும் வழக்கமான பாதை தணிந்து, பழுதுபார்க்க உதவும் வேறொரு பாதைக்குச் சர்க்கரை திருப்பிவிடப்படும். பிறகு பலமாகக் கொடுத்தாலும் தாங்கும்.

2006இல் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தபோது, முத்தியால்பேட்டையில் இருக்கும் அக்காவின் கால் கட்டைவிரலில் ஆறாத புண். அவளுக்குச் சர்க்கரை நோய். அவள் கணவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பாரிசிலிருந்து பெராக்சைடு கொண்டுவந்திருந்தார். வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்றுதான் அதை ஒளி புகாத பாட்டிலில் விற்கிறார்கள். அந்தப் பாட்டில் லட்சணமாக இல்லை என்று, காலியான கண்ணாடி சென்ட் பாட்டிலுக்கு மாற்றி, ஷோகேஸில் வெயில் விழும் தட்டில் வைத்திருந்தார். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே! தினமும் காலையில் அதில் ஒரு மூடி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, புண்ணைக் கழுவுவார். நல்ல பெராக்சைடு புண்ணில் பட்டால் பொங்கும்; இதில் நுரைகூட வரவில்லை.

“இன்னா மாமா, வெறும் தண்ணியா ஊத்துறீங்க?”

“எரியக்கூடாதுல்ல. அதோட இது பிரான்ஸ் சாமான். ஒரே வாரத்துல காலி பண்ணிட்டு இன்னா பண்றது?”

“பெரிய மார்க்கெட் பக்கத்துல எந்த மருந்துக்கடையிலயும் கெடைக்குமே.”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“இப்படிக் கொஞ்சமா குடுத்தா கிருமி பழகிக்கும் மாமா.”

“பழகிக்குமா! அங்க கிருமிக்குப் பள்ளிக்கூடம் நடத்துறியா கலா?”

“நான் சம்பளத்துக்கு நடத்துறேன். நீங்க இலவசமா நடத்துறீங்க.”

அக்கா காலை இழுத்துக்கொண்டாள். “ரெண்டு பேரும் அப்பால போய் சண்ட போடுங்க. கால் என்னுது.”

மறுநாள் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பெராக்சைடு நல்ல நிலையில் இருந்தாலும் தினமும் ஊற்றக்கூடாது, புதிதாக வளரும் சதையையும் அது அரித்துவிடும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். சீழ் எலும்பு வரை போயிருந்தது. பாதத்தைக் காப்பாற்ற இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் முற்றியதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எழுத மாட்டேன். சோதித்துப் பார்க்காததை எழுதுவது என் வழக்கமில்லை. ஆனால் வைத்தியம் என்ற பேரில் கழிந்த அத்தனை காலை வேளைகளும் வீண் என்பதில் சந்தேகமில்லை. மாமாவுக்கோ எதிலுமே சந்தேகமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார்: “பிரான்ஸ்ல காட்டியிருந்தா வெரலக் காப்பாத்தியிருப்பான்.”

அந்தப் பிரான்சுக்குத் திரும்பி வந்து, என் மேசைக்கு எதிரே உட்காரும் பெண்ணிடம் அக்காவின் விரல்கள் போனதைச் சொன்னேன். வருத்தமாகத் தலையசைத்து, “உங்கள் ஊரில் வெயில் அதிகம், அதனால்தான்” என்றாள். பாக்டீரியாவில் முனைவர் பட்டம் பெற்றவள்.

புண் ஆறியதும் அக்கா போனில் கேட்டாள்: “அந்தக் கால் சின்னதாயிடிச்சிடி. மெத்துனு, மூடுன செருப்பா போடச் சொல்றாங்க. அங்கேர்ந்து வாங்கி அனுப்பு. மாமா இங்க வாங்குறதப் போட விடமாட்டாரு.” கடைக்குப் போய் ஒரே மாதிரியில் இரண்டு அளவுகள் எடுத்தேன். வலது ஒன்றிலிருந்து, இடது மற்றொன்றிலிருந்து. கல்லாவில் இருந்த பெண், “மதாம், இது ஜோடி இல்லை” என்று சிரித்தபடி திருத்தி அடுக்கினாள். நான் மறுபடி மாற்றி வைத்தேன். இரண்டு ஜோடிக்கும் ரசீது போட்டாள்.

அக்காவுக்கானதை அனுப்பிவிட்டேன். மிஞ்சிய பெரியதும் சின்னதும் என் வாசலில் கிடக்கின்றன. குப்பைக்குப் போகும்போது அவற்றைத்தான் மாட்டிக்கொள்கிறேன். ஒன்று கழன்று விழுகிறது, இன்னொன்று கடிக்கிறது.